150 டம்ளர் எலுமிச்சை ஜூஸ்: எந்த வழியில் போடலாம்?

வைகாசியில் அப்பச்சிக்குச் சாந்தி, அதாவது வயது நிறைவுக்கு ஓமம் வளர்த்துச் செய்யும் விசேஷம். மண்டபம் வேண்டாம், காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகிவிட்டது. சமையல், பந்தல், பத்திரிகை என்று ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொண்டபோது என் தலையில் விழுந்தது, வெயிலில் வந்து இறங்குகிறவர்களுக்குக் கையில் கொடுக்கும் எலுமிச்சை ஜூஸ். "இதென்ன பெரிய வேலை? பிழிஞ்சு, சீனியப் போட்டுக் கலக்க வேண்டியதுதானே" என்றார் ஆச்சி. (எங்கள் பக்கம் ஆச்சி என்றால் உடன்பிறந்த அக்கா, அப்பச்சி என்றால் அப்பா, ஆத்தா என்றால் அம்மா, அம்மான் என்றால் தாய்மாமன்.)

பெரிய வேலைதான். போன வருஷம் சொந்தத்தில் ஒரு பூச்சூட்டலுக்கு இதே வேலையை நான்தான் பார்த்தேன். காலை ஆறு மணிக்கே 100 பழத்தைப் பிழிந்து, சீனி கரைத்து, அண்டாவில் ஊற்றி மூடிவிட்டு, தொல்லை விட்டது என்று குளிக்கப் போனேன். பதினோரு மணிக்கு முதல் டம்ளரை வாங்கிக் குடித்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைத் திண்ணை ஓரமாக வைத்துவிட்டு, "கொஞ்சம் தண்ணி குடுப்பா" என்றார். எடுத்துக் குடித்துப் பார்த்தேன். விழுங்கின பிறகு அடிநாக்கில் வேப்பங்கொழுந்து மாதிரி ஒரு கசப்பு. சீனியை அள்ளிப் போட்டோம். இனிப்பு ஏறியது, கசப்பு இறங்கவில்லை. பாதி அண்டா தென்னமரத்துக்குப் போனது.

அதனால் இந்தத் தடவை மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி, இருக்கிற வழிகளையெல்லாம் வீட்டிலேயே போட்டுப் பார்த்தேன். ருசி பார்த்தவர்கள் ஆச்சி, ஆத்தா, சர்க்கரை வியாதி உள்ள அம்மான், யார் எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்கு" என்று சொல்லும் அப்பச்சி. கடைசி ஆளின் ஓட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் அந்தக் கசப்பைச் சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாம் அதைச் சுற்றித்தான் வரும். எலுமிச்சையின் விதையிலும் தோலுக்கு உள்பக்கமுள்ள வெள்ளைச் சதையிலும் ஒரு பொருள் இருக்கிறது. பிழிந்த நிமிஷத்தில் அது கசக்காது. சாற்றில் கலந்து, சாற்றின் புளிப்பிலேயே கிடந்து, நேரம் போகப் போக லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. அழுத்திப் பிழியப் பிழிய, விதை நசுங்க நசுங்க, அதிகமாக வரும். ஆறு மணிக்கு ருசி பார்த்தபோது நன்றாக இருந்தது பதினோரு மணிக்குக் கெட்டது இதனால்தான். வாசனையும் அப்படியே. புதுச் சாற்றில் மூக்கில் ஏறும் அந்த மணம் எளிதில் ஆவியாகிவிடும் எண்ணெய். அண்டாவில் மூன்று மணி நேரம் கிடந்தால் வெறும் புளிப்புத்தான் மிஞ்சும். ஆகவே சீனியா வெல்லமா நன்னாரியா என்று நாம் அடித்துக்கொள்வதெல்லாம் அப்புறம். பிழிவதற்கும் குடிப்பதற்கும் நடுவில் எத்தனை மணி நேரம் என்பதை வைத்துத்தான் நான் ஒவ்வொரு வழியையும் பார்த்தேன்.

டம்ளர் டம்ளராகப் பிழிவது

ருசியில் இதை அடிக்க எதுவும் இல்லை. பழத்தை இரண்டாக அறுத்து, டம்ளர் மேலேயே பிழிந்து, சீனி, ஒரு சிட்டிகை உப்பு, தண்ணீர், ஒரு ஆற்று ஆற்றிக் கொடுத்தால் அதுதான் எலுமிச்சை ஜூஸ். நாலு பேர் வந்தால் நான் வேறெதையும் யோசிக்க மாட்டேன்.

ஆனால் ஒரு டம்ளருக்கு ஒரு நிமிஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 150 பேருக்கு இரண்டரை மணி நேரம். சாந்தி வீட்டில் ஆட்கள் ஒவ்வொருவராகவா வருவார்கள்? காரைக்குடியிலிருந்து ஒரு வேன், தேவகோட்டையிலிருந்து ஒரு வேன், சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர்கள் ஒரு கூட்டம் என்று மொத்தமாக வந்து முகப்பில் உட்காருவார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. குளிர்ந்த தண்ணீரில் சீனி லேசில் கரையாது. அவசரத்தில் கலக்கிக் கொடுத்தால் மேலே புளிக்கும், அடியில் சீனி மணல் மாதிரி தங்கும். ஐஸ் போட்ட பிறகு சீனி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். முதலில் சீனி கரையட்டும், ஐஸ் எங்கும் ஓடிவிடாது.

மொத்தமாகக் கலந்து வைப்பது

இதன் கதையை மேலே சொல்லிவிட்டேன். அரை மணி நேரத்தில் தீரும் கூட்டமென்றால் சரி. காலை எட்டிலிருந்து பந்தி போடும்வரை நீளும் விசேஷத்துக்கு வேண்டாம்.

எதில் கலப்பது என்பதையும் இங்கேயே சொல்லவேண்டும். எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் பித்தளை அண்டா மூன்று இருக்கிறது. புளி போட்டுத் துலக்கினால் தங்கம் மாதிரி மின்னும். புளிப்புப் பட்டால் அது மின்னுவதற்குக் காரணமே மேலிருக்கும் படலத்தைப் புளிப்பு கரைத்து எடுப்பதுதான். அதே வேலையை எலுமிச்சைச் சாறும் செய்யும், செம்பு சாற்றில் இறங்கும், நாக்கில் காசு வைத்த மாதிரி ருசி வரும். ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் எலுமிச்சையை விட்டு வைக்கவே கூடாது. அலுமினியப் பாத்திரமும் ஆகாது. உலோகத்தையும் அமிலத்தையும் ஆராய்வதற்கென்றே 1948-ல் அடிக்கல் நாட்டி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை வைத்திருக்கும் காரைக்குடிப் பக்கத்து ஆட்கள், பழைய பவிசுக்காகப் பித்தளை அண்டாவை எடுத்து முன்னால் வைப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

மங்குச் சாமானில் ஊற்றலாம் என்றார் ஆத்தா. மங்கு என்பது இரும்பின் மேல் கண்ணாடி மாதிரி பூச்சு ஏற்றியது, பூச்சு முழுசாக இருந்தால் எலுமிச்சை அதை ஒன்றும் செய்யாது. ஆனால் பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன காலத்தில் வந்த எங்கள் மங்கு வாளியில் நாலைந்து இடத்தில் பூச்சு தெறித்து, கறுப்பாக இரும்பு தெரிகிறது. அழகுக்கு வைத்துக்கொள்ளலாம். சாற்றுக்கு எவர்சில்வர் போதும். பீங்கான் ஜாடி கிடைத்தால் இன்னும் நல்லது.

பாகு தனி, சாறு தனி

நான் கடைசியில் வந்து நின்ற இடம் இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சீனிப் பாகை முதல் நாளே காய்ச்சிவிடலாம். அது கசக்காது, மணம் போகாது, ஒரு வாரம் இருந்தாலும் அப்படியே இருக்கும். 4 கிலோ சீனிக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் வைத்தேன். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். சீனி முழுக்கக் கரைந்து ஒரு கொதி வந்தால் போதும். கொதிக்கும்போது ஒரு கரண்டி பால் ஊற்றினால் அழுக்கெல்லாம் நுரையாகத் திரண்டு மேலே வரும், அதை எடுத்து எறிந்துவிடலாம். இறக்கும்போது அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் பாகு ஓரங்களில் பூத்துக் கட்டி தட்டாது. குலாப் ஜாமூனுக்குச் செய்வோமே, அதே காரியம். ஆறின பிறகு அளந்து பார்த்தேன், கிட்டத்தட்ட ஐந்து லிட்டர். 150 டம்ளருக்குத் தலைக்கு 30 மில்லிக்கு மேல் வரும். ஒரு சின்னக் கிண்ணக் கரண்டி.

சாறு மட்டும் அன்றைக்கு. நம் ஊரில் எலுமிச்சை என்று நாம் வாங்குவது சின்னதாக, மெல்லிய தோலோடு இருக்கும் பழம். வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் 'நாலு எலுமிச்சை' என்று போட்டிருப்பது முட்டையைவிடப் பெரிய, தடித்த தோலுள்ள வேறு இனம். அதிலிருந்து வரும் சாறு நம் பழத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு. குறிப்பைப் பார்த்து அப்படியே போட்டவர்கள் "தண்ணியா இருக்கே" என்று புலம்புவதற்கு இதுதான் காரணம். நம் பழம் நடுத்தரமாக இருந்தால் 15 முதல் 20 மில்லி சாறு தரும். ஒரு லிட்டர் ஜூஸுக்கு 80 மில்லி சாறு எனக்குப் பிடித்த அளவு. ஆக லிட்டருக்கு நாலைந்து பழம். 150 பேருக்கு, 200 மில்லி டம்ளர், 30 லிட்டர் என்று கணக்குப் போட்டால் தலைக்கு ஒரு பழம் என்று வந்து நிற்கிறது. நினைவில் வைத்துக்கொள்ள இதைவிட எளிய கணக்கு கிடையாது.

பழத்தைப் பார்த்து வாங்கவேண்டும். மஞ்சளாகி, தோல் வழவழவென்று மெல்லிசாக, கையில் கனமாக இருக்கவேண்டும். கரும்பச்சையாகக் கல் மாதிரி இருப்பதில் தோல்தான் இருக்கும். தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். புளியங்குடிப் பழம் என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. விலையைப் பற்றிச் சொன்னால் வயிறு எரியும். 2022 ஏப்ரலில் கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போனது நினைவிருக்கும். கோடையில் விசேஷம் வைக்கிறவர்கள் எலுமிச்சைக்கென்று கொஞ்சம் கூடுதலாகவே எடுத்து வைக்கவேண்டும்.

பிழிவதற்கு முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் பழத்தைப் போட்டு வையுங்கள். பிறகு பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டுங்கள், உள்ளே சுளை உடைவது கையிலேயே தெரியும். அறுத்ததும் கத்தி முனையால் விதையைத் தட்டிவிட்டு, பிழிவானில் ஒரு அழுத்து. அவ்வளவுதான். இன்னும் ரெண்டு சொட்டு வரும் என்று இரண்டாம் முறை நசுக்குவது நம் வீடுகளில் உள்ள பழக்கம். அந்த ரெண்டு சொட்டில்தான் கசப்பு வருகிறது. ஆத்தாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. நான் தூக்கிப் போட்ட மூடிகளை எடுத்து அவர் மறுபடி பிழிந்துகொண்டிருந்தார். கடைசியில் அந்த மூடிகளையெல்லாம் உப்பில் போட்டு ஊறுகாய்க்கு வைத்துக்கொள்வதென்று சமாதானம் ஆனது.

இரண்டு பேர் உட்கார்ந்தால் 150 பழம் முக்கால் மணி நேரம். அதையும் ஒரே நேரத்தில் செய்யப்போவதில்லை. எட்டு மணிக் கூட்டத்துக்கு ஏழரைக்கு ஒரு முறை, பந்திக்கு முந்தின கூட்டத்துக்குப் பதினொன்றரைக்கு ஒரு முறை. வடிகட்டி எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, தூக்கை ஐஸில் நிறுத்திவிட்டால் ஒன்றரை மணி நேரம் சாறு அசையாது. சோதித்துப் பார்த்துவிட்டேன். இரண்டாம் முறைக்குப் பழம் குறையுமோ என்ற கவலையும் இல்லை. பெரியவர்களைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் கையில் எலுமிச்சம்பழத்தோடுதான் வருவார்கள். அப்பச்சி கையில் கொடுத்துக் கும்பிட்ட பழம் அரை மணியில் டம்ளராகத் திரும்பி வரும் என்று யாருக்கும் சொல்லவேண்டாம்.

எடுத்துக் கொடுக்கும்போது டம்ளரில் பாகு ஒரு கரண்டி, சாறு ஒரு கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, மேலே தண்ணீர். பத்து நொடி. இதில் எனக்கு முதலில் தோன்றாத ஒரு லாபம் இருந்தது, அதை அம்மான்தான் சொன்னார். "எனக்குப் பாகு வேணாம்ப்பா, உப்பு மட்டும் போடு." மொத்தமாகக் கலந்த அண்டாவில் அவருக்கு வழியே கிடையாது. ஒரு டம்ளரில் ஏறக்குறைய 25 கிராம் சீனி போகிறது, 100 கலோரி. அறுபது தாண்டியவர்கள் கூடுகிற வீட்டில் அது வேண்டாம் என்பவர்கள் நிறைய இருப்பார்கள். பாகு தனியாக இருந்தால் அவர்களும் கையில் ஒரு டம்ளரோடு உட்கார்ந்து பேசலாம்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சிட்டிகை உப்பு இனிப்பைத் தூக்கிக் காட்டும், மிச்சமிருக்கும் துளிக் கசப்பையும் அமுக்கும். உப்புக் கரிப்பது தெரியக்கூடாது, அதுதான் அளவு.

நன்னாரி

ருசி பார்த்தவர்களில் ஆச்சியின் பிள்ளைகளும் உண்டு, அவர்கள் ஓட்டு முழுக்க நன்னாரிக்கு. நன்னாரி சர்பத்தில் எலுமிச்சை துணைக்கு வருவதுதான், பேர் நன்னாரிக்குப் போகும். வேர் வாசனை மேலே நின்றுகொள்வதால் சாறு கொஞ்சம் பழசானாலும் தெரியாது. அது பெரிய வசதி. ஆனால் இதுவே நான் அதை வேண்டாமென்றதற்கும் காரணம். எலுமிச்சையின் ருசிக்காகத்தானே எலுமிச்சை வாங்குகிறோம்.

வீட்டில் செய்வதென்றால் வேரைக் கழுவி, இடித்து, நடுவில் இருக்கும் கட்டையை எடுத்துவிட்டு, பட்டையை மட்டும் வெந்நீரில் போட்டு இரவு முழுக்க ஊற வைத்து, மறுநாள் அந்தத் தண்ணீரில் பாகு காய்ச்சவேண்டும். வேரைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க விட்டால் வாசனை தெருவுக்குப் போகும், பாகில் இருக்காது. கடையில் வாங்கும் பாட்டில்களில் சிலது வேரைக் கண்ணால் பார்க்காதது, நிறமும் எசென்ஸும்தான். பின்னால் ஒட்டியிருக்கும் சின்ன எழுத்தைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. எங்கள் சாந்திக்குப் பிள்ளைகளுக்காக ஒரு பாட்டில் மட்டும் வாங்கி வைப்பதாக ஒப்பந்தம்.

பானகம்

ஆத்தாவின் கட்சி இது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து நடந்து போகிற வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த நடையில் பானக பூசைக்குத் தனி இடம் உண்டு. "வெயில்ல வந்த ஆளுக்கு வெல்லமும் சுக்கும்தான்டா குடுக்கணும், சீனித் தண்ணியையா குடுப்பாக?" என்று கேட்டார். பதில் சொல்வது கஷ்டம்.

பானகத்துக்கு நேரம் ஒரு பொருட்டே இல்லை என்பதுதான் அதன் பலம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, சுக்குத் தூளும் ஏலமும் போட்டு வைத்தால் வைக்க வைக்கச் சுக்கு ஊறி நன்றாகத்தான் ஆகும். எலுமிச்சையைக் கடைசியில் பிழியலாம், அல்லது புளித் தண்ணீர் விட்டுவிட்டால் எலுமிச்சையே வேண்டாம். சுக்கின் காரம் இருக்கிற இடத்தில் லிமோனின் கசப்பு நாக்குக்கு எட்டாது. அண்டா கணக்கில் முன்கூட்டியே போட்டு வைக்க ஒன்று வேண்டுமென்றால் யோசிக்காமல் பானகத்துக்குப் போங்கள்.

ஆனால் இளவட்டங்கள் ஒரு டம்ளரைக் கையில் வாங்கி, பிரசாதம் மாதிரி ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைக்கிறார்கள். இதை அம்மான் மகன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். ஆக, ஓமம் முடிந்ததும் கொடுக்க ஒரு சின்னத் தூக்கில் பானகம். ஆத்தாவே போடுவார்.

ஸ்குவாஷ்

சமையல்காரர் முதலில் சொன்னது இதைத்தான். "நாலு பாட்டில் வாங்கி விட்டா முடிஞ்சது தம்பி." ஸ்குவாஷ் என்று பேர் போடவேண்டுமானால் பழச்சாறு குறைந்தது 25 சதவீதம் இருக்கவேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டால் டம்ளரில் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல் வரும். என் ஜூஸில் எட்டு. அளவில் பெரிய தோல்வி இல்லை என்பதை ஒத்துக்கொள்ளவேண்டும். கெடாமல் இருக்க 224 அல்லது 211 என்ற எண்ணில் ஒரு பொருள் சேர்த்திருப்பார்கள். முதலாவது பொட்டாசியம் மெட்டாபைசல்பைட், இரண்டாவது சோடியம் பென்சோயேட். முதலாவது ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதைவிட, குடித்து முடித்ததும் தொண்டையில் கல்யாண மண்டப வாசனை ஒன்று நிற்கும். விதிக்குள் வராமல் 'எலுமிச்சைச் சுவை' என்று மட்டும் போட்டிருக்கும் பாட்டில்களும் அதே அலமாரியில் இருக்கும், அவசரத்தில் கை மாறிப் போய்விடும்.

பழம் மலிவாக இருக்கும் மாதத்தில் சாற்றைப் பிழிந்து ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக்கொள்வது ஸ்குவாஷைவிட மேல். ஒரு கட்டி, ஒரு டம்ளர். வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அப்பச்சியும் ஆத்தாவும் இனிமேல் இப்படித்தான் குடிக்கப்போகிறார்கள். 150 பேருக்கு உறைய வைக்க எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இடம் கிடையாது.

சோடா ஒரு வரியில் முடிந்துவிடும். உடைத்த நிமிஷத்தில் குடிக்கவேண்டும், எடுத்து வைத்துப் பரிமாற முடியாது. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை வாங்கிய கோலி பாட்டில் இன்றைக்கும் நம் பக்கம் டப்பென்று உடைகிறது என்ற சந்தோஷத்துக்காக, சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஒரு கிரேட் வரவழைக்கலாம்.

தண்ணீரும் தரையும்

இந்த இரண்டும் யார் பட்டியலிலும் இருக்காது, எனக்கு இரண்டிலும் அடி விழுந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டு போர் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்து ஜூஸ் போட்டேன். அதே பழம், அதே பாகு, ருசி மட்டும் மொண்ணையாக இருந்தது. கடினத் தண்ணீரில் உள்ள கார உப்புகள் எலுமிச்சையின் புளிப்பில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். அடுத்த வாரம் காரைக்குடியிலிருந்து இரண்டு குடம் சம்பை ஊற்றுத் தண்ணீர் பிடித்து வந்து போட்டோம். அப்பச்சிகூட நிமிர்ந்து பார்த்தார். "இது வேற பழமா?" சம்பைத் தண்ணீரின் பேரைச் சொல்லியே காரைக்குடிக்காரர்கள் வெளியூரில் தண்ணீரைக் குறை சொல்வார்கள், அது சும்மா பேச்சில்லை. சாந்திக்கும் அங்கிருந்தே கொண்டுவருவதாக இருக்கிறோம். ஐஸ் விஷயத்திலும் கவனம் வேண்டும். மீனுக்கும் மற்றதற்கும் போகிற, தின்னத் தகாத ஐஸில் நீலம் கலக்கவேண்டும் என்று 2018-ல் உத்தரவு வந்தது. ஆனாலும் பாளம் பாளமாக வாங்கும்போது எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று கேட்டுவிடுவது உத்தமம். நான் ஐஸைப் பாத்திரத்துக்கு வெளியேதான் வைக்கப்போகிறேன், டம்ளருக்குள் போடுவதாக இல்லை.

இனித் தரை. வளவில் காற்று வரும் என்று தூணோரம் உட்கார்ந்து பிழிந்தேன். ஆத்தங்குடிக் கல் தரை. அந்தக் கல்லுக்குப் பளபளப்பு வருவதே கண்ணாடி மேல் சாயச் சாந்தை ஊற்றி வார்ப்பதால்தான், அடிப்படையில் அது சிமெண்ட். சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பை எலுமிச்சை அரித்துவிடும். பிழிவானிலிருந்து சொட்டினதை நான் கவனிக்கவில்லை. சாயங்காலம் துடைத்தபோது சிவப்புப் பூவின் இதழ் மேல் மூன்று வட்டம், சொரசொரவென்று வெளுத்து. தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பார்த்தோம், ஈரம் காய்ந்ததும் மறுபடி தெரிகிறது. ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறார். ஆகவே பிழிகிற இடம் பின்கட்டு, கருங்கல் தளம், கீழே ஒரு சாக்கு. ஜூஸ் கொடுக்கும் மேஜைக்கு அடியிலும் ஜமுக்காளம்.

முடிவு இப்படி. முதல் நாள் ராத்திரி பாகு. அன்று காலை ஏழரைக்கும் பதினொன்றரைக்கும் இரண்டு தவணையாகச் சாறு. சம்பைத் தண்ணீர். ஓமத்துக்குப் பிறகு ஆத்தா கையால் பானகம், பிள்ளைகளுக்கு நன்னாரி ஒரு பாட்டில். ஸ்குவாஷ் வாங்காததில் சமையல்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் "பிழியறது நீங்கதானே தம்பி" என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு முகம் தெளிந்துவிட்டது.

பழத்துக்குச் சொல்லியாயிற்று. பிழிய இரண்டு பேர் வேண்டும். ஒரு ஆள் நான். இன்னொரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன், அம்மான் மகன் வருவதாகச் சொன்னவன் நேற்று காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டு வந்து காட்டுகிறான்.